இந்திய நேரம் மூன்று மணி

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரவுசிங்கும் உண்டு. இருபது வருஷமாக மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறவன். ரேஷன் கார்டோ, பாஸ்போர்ட்டோ, வருமானச் சான்றோ, "இந்தக் கட்டத்துல என்ன போடணும் அண்ணே?" என்று கேட்டுத்தான் வருவார்கள். அப்படிப்பட்ட நான் 2020இல், பதின்மூன்று நாள் பயணமாகப் போன மலேசியாவில், அம்மாவோடு எண்பது நாள் மாட்டிக்கொண்டேன். பெரும்பகுதிக்குக் கொரோனா காரணம். கடைசி இரண்டு வாரத்துக்கு நானேதான்.

தங்கச்சி மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்கு ஊருக்கு வர முடியாத நிலைமை, அதனால் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மார்ச் 8ஆம் தேதி இருவரும் கிளம்பினோம். 21ஆம் தேதி திருச்சிக்குத் திரும்ப டிக்கெட். இந்தியர்களுக்கு அப்போது இருந்த 15 நாள் 'என்ட்ரி' அனுமதியில் போனோம். அதை நீட்டிக்க முடியாது. நீட்டிக்கவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இது உலகத் தொற்று என்று அறிவித்தது. அன்றைக்கே இந்தியாவும் வெளிநாட்டினரின் விசாக்களை ஏப்ரல் 15 வரை நிறுத்தி வைத்தது. செய்தியைப் படித்த மாப்பிள்ளை, "அத்தான், டிக்கெட்டை முன்னாடி மாத்திடலாமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "அது விசா வாங்கி வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு. நம்ம ஊருக்கு நாம போறதுக்கு யாரு தடுக்கப் போறா?"

அந்த ஆணையைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. தப்பு எங்கே என்றால், அடுத்த ஆணையும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது.

16ஆம் தேதி இரவு மலேசியப் பிரதமர் முகைதின் யாசின் டிவியில் பேசினார். 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அத்தியாவசியப் பொருள் விற்பவை தவிர மற்றக் கடைகள், பள்ளி, கோவில், பள்ளிவாசல் எல்லாம் மூடல். மலேசியர் வெளிநாடு போகக் கூடாது, வெளிநாட்டுப் பயணிகள் உள்ளே வரக் கூடாது. உள்ளே இருக்கும் வெளிநாட்டினர் கிளம்பிப் போகலாம். சரி, காலையில் டிக்கெட்டை மாற்றிக் கிளம்பிவிடலாம் என்று படுத்தோம்.

17ஆம் தேதி காலையிலிருந்து மாப்பிள்ளை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. விமான நிறுவனத்தின் லைன் கிடைத்தபாடில்லை. மதியம் ஒரு மணி இருக்கும், வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது: மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தானிலிருந்து மூன்று மணிக்கு மேல் யாரும் இந்தியாவுக்கு வர முடியாது. கிள்ளானிலிருந்து விமான நிலையம் போகவே ஒரு மணி நேரம். துணியை எடுத்து வைக்க வேண்டும், கவுன்டரில் நிற்க வேண்டும். மூன்று மணிக்குள் நடக்காது என்று விட்டுவிட்டோம்.

சாயங்காலம்தான் மூல ஆணையைத் தேடிப் படித்தேன். ஒரே பக்கம். "இந்திய நேரம் 15.00 மணிக்கு மேல் இந்த நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு எந்த விமானமும் புறப்படக் கூடாது" என்று இருந்தது. இந்திய நேரம் மூன்று என்றால் மலேசியாவில் ஐந்தரை. எங்களுக்கு நாலரை மணி நேரம் இருந்திருக்கிறது. போயிருந்தால் இடம் கிடைத்திருக்குமா என்றால், தெரியாது. கிடைக்காமலே போயிருக்கலாம். ஆனால் முயன்றுகூடப் பார்க்கவில்லை என்பது அப்புறம் பல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தேன். 11ஆம் தேதி ஆணை 'விசா' பற்றியது. 17ஆம் தேதி ஆணை 'பயணிகள்' என்றது. பயணிகள் என்றால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் சேர்த்துத்தான். விமான நிறுவனம் புறப்படும் இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. சொந்த நாட்டுக்காரனையும் விமானத்தில் ஏற்றாதே என்று சொந்த நாடே சொல்ல முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஊர் திரும்புவது உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நாளில் அது ஒரு வரிசை. நிற்கத் தெரிந்தவன்தான் போவான்.

அன்றிலிருந்து எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் நான்கு விஷயத்தைத் தேடுவேன். எந்தத் தேதியில் போட்டது, எப்போதிலிருந்து (எந்த நாட்டு நேரம்), யாருக்கு, எதுவரை. இந்த நான்கும் இல்லாமல் வந்தால் அது அறிவிப்பு இல்லை, வதந்தி. வாட்ஸப்பில் வருவது உண்மையாகவே இருந்தாலும், இந்த நான்கில் ஏதாவது ஒன்று உதிர்ந்துபோய்த்தான் வருகிறது. எனக்கு 'இந்திய நேரம்' என்ற இரண்டு வார்த்தை உதிர்ந்தது.

22ஆம் தேதி முதல் எல்லா நாட்டு விமானத்தையும் இந்தியா நிறுத்தியது. முதலில் ஒரு வாரம் என்றார்கள். 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு இருபத்தோரு நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது, இனி இது வாரக் கணக்கு இல்லை என்று புரிந்தது. என் மனைவி போனில், "கடையும் மூடித்தான் கிடக்கு, நீங்க இருந்திருந்தாலும் சும்மாதான் உட்கார்ந்திருப்பீங்க" என்றாள். ஆறுதல்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஏமாந்தேன். 17ஆம் தேதித் தடையால், பிலிப்பைன்ஸில் படித்த நம் மாணவர்கள் பலர் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக டெல்லிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் விமானம் விட இந்தியா அனுமதித்தது. அது நடுவழியில் நின்ற மாணவர்களுக்கானது. ஆனால் 'இந்தியாவுக்கு ஸ்பெஷல் பிளைட்' என்ற பேச்சு கிள்ளான் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு ஏஜென்ட், திருச்சிக்கும் ஏற்பாடு நடக்கிறது, பெயர் பதியத் தலைக்கு 300 வெள்ளி என்றார் (அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). 600 வெள்ளி கொடுத்தேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றார், கேட்கவில்லை. அந்த விமானம் வரவே இல்லை. இதில் எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: அரசாங்கம் ஏற்பாடு செய்யும் விமானத்துக்குப் பெயர் பதியக் காசு கிடையாது. டிக்கெட்டுக்குத்தான் காசு. பதிவுக்கே கை நீட்டினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

அனுமதி 15 நாளில் முடிகிறதே என்ற பயம் அம்மாவுக்கு ரொம்ப இருந்தது. "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுமாடா?" என்று தினமும் கேட்பார். குடிநுழைவுத் துறை அலுவலகமே மூடியிருந்தது. கட்டுப்பாட்டுக் காலத்தில் அனுமதி காலாவதியானவர்கள் தனி அனுமதிச்சீட்டு வாங்காமலே நாட்டை விட்டுப் போகலாம் என்று அந்தத் துறை அறிவித்தது. மாப்பிள்ளை அதை அச்செடுத்து எங்கள் பாஸ்போர்ட்டுக்குள் ஒவ்வொரு பிரதி வைத்தார். நானாக இருந்தால் போனில் படம் எடுத்து வைத்திருப்பேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் காகிதத்தின் அருமையைச் சொல்லிக் கொடுத்தவர் கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை.

உண்மையான நெருக்கடி மாத்திரையில் வந்தது. அம்மாவுக்கு அப்போது வயது 67. பிரஷர், சர்க்கரை, தைராய்டு மூன்றும் உண்டு. இருபது நாளைக்கு மாத்திரை கொண்டு போயிருந்தோம். அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனால், அந்தப் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. நம் ஊர் கம்பெனி வைத்த பெயர் அங்கே செல்லுபடியாகாது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் எல்லா ஊருக்கும் பொது. அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று படித்துக் காட்டியதும் அந்தப் பெண் தலையாட்டினாள். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றாள். நம் டாக்டரின் சீட்டு கும்பகோணத்தில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. கடைசியில் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு தமிழ் டாக்டர் பிரஷர் பார்த்து, ரத்தம் பார்த்துப் புதுச் சீட்டு எழுதினார். மூன்று மாதத்துக்கு எழுதுங்கள் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். பயணக் காப்பீடு எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள், எடுத்திருந்தோம். அது 15 நாளைக்கு. வீடு திரும்பிய பிறகுதான் அதன் நிபந்தனைகளைப் படித்தேன். படித்திருந்தால் அந்தப் பணத்துக்கு மாத்திரை வாங்கியிருப்பேன்.

வெளியே போவதற்கும் விதி இருந்தது. வீட்டுக்கு ஒருவர்தான், பத்துக் கிலோமீட்டருக்குள், அத்தியாவசியப் பொருள் வாங்க மட்டும். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள். அந்த ஒருவர் மாப்பிள்ளைதான். நான் எண்பது நாளில் கிள்ளானில் பார்த்தது எட்டாவது மாடி பால்கனியும் எதிர்த்த கட்டடத்தில் காயும் துணியும்தான். பக்கத்து வீட்டு அக்கா தினமும் கதவருகே நின்று, "பசியாறியாச்சா?" என்று கேட்பார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு அங்கே அப்படி. அம்மாவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது, இன்றைக்கும் சொல்கிறார்.

ஏப்ரல் நடுவில் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் குளியலை அம்மாதான் காலை நீட்டி உட்கார்ந்து ஊற்றினார். திட்டப்படி மார்ச் 21ஆம் தேதியே கிளம்பியிருந்தால் இது கிடைத்திருக்காது என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்கோ ஊரில் கடை வாடகை, சித்திரை வைகாசிக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் எல்லாம் போன கவலை.

பணத்துக்கும் ஒரு சங்கடம். என் இந்திய சிம்மை முதல் நாளே கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டிருந்தேன். வங்கியில் எதைத் தொட்டாலும் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். மறுபடி போட்டால் ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தது. மனைவி ஊரிலிருந்து ரீசார்ஜ் செய்து, ரோமிங் போட்டு, அது உயிர் பெற நான்கு நாள் ஆனது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் யாராவது வெளிநாடு போகிறேன் என்றால் நான் சொல்லும் முதல் விஷயம் இது. ஊர் சிம்மைச் சாக விடாதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்ப விரும்புவோர் பெயர் பதியலாம் என்று தூதரகத்தின் படிவம் வந்தது. இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. கடையில் செய்கிற பழக்கத்தில் அப்பா பெயரைப் போட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு படிவம் போதும் என்று நானே முடிவு செய்து, என் படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் 'உடன் வருபவர்: தாய்' என்றும் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து அம்மாவுக்குத் தனியாக இன்னொன்று. ஆக ஒருவருக்கு இரண்டு பதிவு, இரண்டிலும் பெயர் வேறு வேறு.

மே 7ஆம் தேதி, வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியர்களை அழைத்து வர அரசாங்கம் ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின. முதல் வாரத்துக்கு 12 நாடுகளிலிருந்து 64 விமானம் என்றார்கள். 9ஆம் தேதியே கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஒன்று போனது. கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள், வேலை இழந்தவர்கள், விசா முடிந்தவர்கள், வீட்டில் சாவு விழுந்தவர்கள், மாணவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. இந்தப் பட்டியலைப் படித்தபோது அம்மா பெயர் முதலில் வரும், அவரோடு ஒட்டிக்கொண்டு நானும் போய்விடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். மே நடுவில் போன் வந்தது. என் பெயர் இருக்கிறது. அம்மா பெயர் இல்லை. பாஸ்போர்ட் எண்ணோடு பெயர் ஒத்துவரவில்லையாம். சொன்னவர் பொறுமையாகத்தான் சொன்னார். என்ன செய்ய, "நான் வரலை, என் இடத்தை வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் முதலிலிருந்து பதிந்தேன். இந்த முறை பாஸ்போர்ட்டில் அச்சடித்திருப்பது எதுவோ அதுவே, எழுத்துக்கு எழுத்து. குடும்பப் பெயர்க் கட்டத்தில் அம்மாவின் பெயரையே திரும்பப் போட்டேன். டிக்கெட்டில் விமானக் கம்பெனியும் அப்படித்தான் போட்டிருந்தது. இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

என்னைவிடக் கஷ்டம் மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு ராமநாதபுரம் தம்பிக்கு. சாப்பாட்டுக் கடையில் வேலை, கடை மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம். எண்கூடத் தெரியாது. படிவத்தில் முதல் கட்டத்தையே தாண்ட முடியவில்லை. அவன் ஊருக்குப் போன் செய்து, வீட்டில் பெட்டியடியில் கிடந்த பழைய ஜெராக்ஸைத் தேடி எடுக்கச் சொல்லிப் படம் வாங்கினோம். ஜெராக்ஸ் எடுக்க ஐந்து ரூபாய் ஆகியிருக்கும். கையில் காசே இல்லாதவர்களுக்குத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. அதற்கு மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்த மனுவில் பிழை விடவில்லை.

மே கடைசி வாரத்தில் எங்கள் முறை வந்தது. போகும்போது கொடுத்த கட்டணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதோடு ஒரு உறுதிமொழி: ஊரில் இறங்கியதும் சொந்தச் செலவில் தனிமையில் இருப்பேன் என்று கையெழுத்து. போனில் ஆரோக்கிய சேது என்ற அரசாங்கத்தின் கொரோனா கண்காணிப்புச் செயலியும் வேண்டும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதை என்ன செய்வது என்று ஒரு நாள் பூராவும் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி அம்மாவின் காலாவதியான அனுமதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மாப்பிள்ளை வைத்த காகிதத்தை நீட்டினேன். படித்தார், முத்திரை குத்தினார்.

திருச்சியில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சோதனை. இலவசமாகத் தங்கக் கல்லூரி விடுதி, காசு கட்டினால் ஹோட்டல். அம்மாவுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்பதால் ஹோட்டல் எடுத்தோம். மே 24ஆம் தேதி வந்த மத்திய அரசின் புது விதிப்படி ஏழு நாள் அங்கே, ஏழு நாள் வீட்டில். பழைய விதியில் பதினான்கு நாளும் வெளியில்தான். நாங்கள் இரண்டு வாரம் தாமதமானதில் கிடைத்த ஒரே லாபம் இது.

எட்டாம் நாள் காரில் கிளம்பும்போது டிரைவர் முரண்டு பிடித்தார். "மாவட்டம் தாண்டணும்னா இ-பாஸ் வேணும் சார், இல்லேன்னா வண்டியைப் புடிச்சு வெச்சுக்குவாங்க." ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்திருந்தார்கள், மண்டலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம், திருச்சியும் தஞ்சாவூரும் ஒரே மண்டலம். இதை நான் சொல்லவில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் கெஞ்சி அச்செடுத்து வைத்திருந்த அரசாணையை எடுத்துக் கொடுத்தேன், கோடு போட்டு. சோதனை முடிவு, தனிமை முடிந்த சான்று, அது, மூன்றும் ஒரே பைலில். செங்கிப்பட்டிப் பக்கம் ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் பைலை வாங்கிப் புரட்டிவிட்டு, "எந்த ஆபீஸ்ல வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். ஜெராக்ஸ் கடை என்றேன்.

நாங்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி உட்கார்ந்திருந்து எழுந்த பிறகும் வரிசை நீண்டுகொண்டேதான் இருந்தது. ஜூலை 1ஆம் தேதி ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற இந்தியக் கடற்படைக் கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. பெரும்பாலும் நம் மீனவர்கள். கப்பலில் இடமில்லாமல் சிலரை அங்கேயே விட்டுவிட்டு வந்தது என்று படித்தபோது, அந்தக் கரையில் நின்றவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் ஏர் சுவிதா என்று ஒரு இணையப் படிவம் வந்தது, இந்தியாவுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே நிரப்ப வேண்டியது. 2022 நவம்பரில் அதை எடுக்கும் வரை, வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எத்தனையோ பேருக்கு வாட்ஸப்பில் பாஸ்போர்ட் படம் வாங்கி என் கடையிலிருந்தே நிரப்பிக் கொடுத்தேன். குடும்பப் பெயர் கட்டம் வந்ததும் கை தானாக நின்றுவிடும்.

600 வெள்ளியில் 200 திரும்ப வந்தது, அதுவும் மாப்பிள்ளை நேரில் போய் உட்கார்ந்த பிறகு.

போன வருஷம் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். இந்தத் தடவை குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரைச் சேர்த்துவிடுவோம், எதற்கு வம்பு என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "அவர் இருந்தப்பவே அவர் பேரை நான் வாயால சொன்னதில்ல. இப்ப எமிக்ரேஷன்காரன் கூப்பிடுறப்போ அதுக்குத் திரும்பிப் பாக்கணுமா?" என்றார். கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.